பிளஸ் ஆர்டபிள்யூவா, மைனஸ் ஆர்டபிள்யூவா: மறுபதிவு டிவிடியில் வீடியோ எழுதும்போது வரும் சிக்கல்கள்

மறுபதிவு வட்டில், அதாவது அழித்து மீண்டும் மீண்டும் எழுதக்கூடிய டிவிடியில், எழுதிய வீடியோ பிளேயரில் ஓடாதபோது பெரும்பாலோர் முதலில் குறை சொல்வது வட்டைத்தான். வட்டு உண்மையிலேயே கெட்டிருப்பதும் உண்டு. ஆனால் எழுதத் தொடங்கும் முன் நாம் எடுக்கும் மூன்று முடிவுகளில், அதாவது எந்த வகை வட்டு, எந்த முறையில் பதிவு, எந்த வடிவில் வீடியோ என்பவற்றில், ஏதோ ஒன்று பொருந்தாமல் போவதே அதைவிட அடிக்கடி நிகழ்கிறது. மூன்றிலும் ஒன்றுக்கொன்று போட்டியான வழிகள் இருக்கின்றன. எந்த வழி எந்தக் கோளாறைக் கொண்டுவரும் என்று தெரிந்துகொண்டால், வட்டுகளை வீணாக்காமல் சிக்கல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், பிளஸ் ஆர்டபிள்யூ (DVD+RW), மைனஸ் ஆர்டபிள்யூ (DVD-RW) ஆகிய இரு வகை மறுபதிவு வட்டுகளுக்கும் பொதுவான ஒரு பலவீனம். ஒருமுறை மட்டும் எழுதும் வட்டில் சாயப் படலம் இருக்கிறது. மறுபதிவு வட்டில் அதற்குப் பதிலாக உலோகக் கலவைப் படலம் இருக்கிறது. எழுதும் லேசர் அந்தப் படலத்தில் ஒரு புள்ளியை உருக்கிச் சட்டென்று ஆறவிடும்போது அங்கே படிக ஒழுங்கு குலைந்து, ஒளியைத் திருப்பியனுப்பும் திறன் குறைகிறது. அழிக்கும்போது மிதமான சூடு கொடுத்து அதே புள்ளியைப் பழைய படிக நிலைக்குக் கொண்டுவருகிறது. இந்த ஏற்பாட்டில் வட்டு முழுவதுமே சற்று மங்கலாகிவிடுகிறது. அச்சிட்டு வரும் ஓரடுக்குத் திரைப்பட டிவிடி, விழும் ஒளியில் 45 முதல் 85 சதவீதம் வரை திருப்பியனுப்பும். மறுபதிவு வட்டு 18 முதல் 30 சதவீதம் வரைதான் திருப்பியனுப்பும். ஈரடுக்குத் திரைப்பட டிவிடியின் அளவும் ஏறத்தாழ இதேதான் என்பதால், பழைய பிளேயர்கள் சில மறுபதிவு வட்டை ஈரடுக்கு வட்டு என்று எண்ணி, இல்லாத இரண்டாம் அடுக்கைத் தேடிச் சிறிது நேரம் சுழன்றுவிட்டு, வட்டே இல்லை என்று காட்டிவிடுகின்றன.

பிளஸ்ஸும் மைனஸும்

மைனஸ் ஆர்டபிள்யூ, பயனியர் நிறுவனம் உருவாக்கி டிவிடி தரங்களை வகுக்கும் அமைப்பான டிவிடி ஃபோரம் ஏற்ற வகை; 1999இல் வந்தது. பிளஸ் ஆர்டபிள்யூவை பிலிப்ஸ், சோனி, எச்பி, ரிகோ முதலிய நிறுவனங்கள் சேர்ந்த வேறோர் அணி 2001இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் வந்த டிரைவ்கள் இரண்டையும் எழுதுவதால் இந்தப் போட்டி பழங்கதை என்று தோன்றலாம். ஆனால் கோளாறு வரும் நேரத்தில் இரண்டும் வெவ்வேறு விதமாகவே நடந்துகொள்கின்றன.

மைனஸ் வட்டில் வழக்கமான முறையில் பழையதை அழித்த பிறகே புதிதாக எழுத முடியும். அழிப்பதில் விரைவு, முழுமை என்று இரண்டு உண்டு. எல்லோரும் தேர்ந்தெடுப்பது விரைவு அழிப்பைத்தான். ஆனால் அப்படி அழித்த மைனஸ் வட்டு, முழு வட்டையும் ஒரே மூச்சில் எழுதும் முறையை மட்டுமே ஏற்கும். இன்று ஒரு வீடியோ, நாளை இன்னொன்று என்று தவணை முறையில் சேர்க்கும்படி மென்பொருளை அமைத்திருந்தால், வெற்று வட்டு என்று காட்டிக்கொண்டே எழுத மறுக்கும். வட்டைத் தூக்கி எறியத் தோன்றும் இந்த இடத்தில் செய்ய வேண்டியது முழு அழிப்புதான். ஒற்றை வேகத்தில் அதற்கு ஒரு மணி நேரத்தை ஒட்டியும், இரட்டை வேகத்தில் அரை மணியை ஒட்டியும் ஆகும். பொறுமை இல்லையென்றால் பதிவு முறையை ஒரே மூச்சு முறைக்கு மாற்றினாலும் போதும்.

பிளஸ் வட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை ஃபார்மேட் ஆகிவிட்டால், அதாவது எழுதுவதற்குத் தயாராகிவிட்டால், பழையதன் மீதே புதியதை எழுதிக்கொள்ளும். ஃபார்மேட் வேலையும் பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். ஆனால் இந்த வசதியிலேயே ஒரு வம்பும் இருக்கிறது. புதிய வட்டில் சிறிய வீடியோ ஒன்றை எழுதிவிட்டு, பின்னணி ஃபார்மேட் முடியும் முன்பே வெளியே எடுத்தால், வட்டின் முடிவைக் குறிக்கும் பகுதி முழுமையாக அமையாமல் போகும். கணினி அதைப் பொருட்படுத்தாது. சில பிளேயர்கள் படிக்க மறுக்கும். புதிய பிளஸ் வட்டை முதல் முறை முழுவதுமாக ஃபார்மேட் ஆக விட்டுவிடுவது நல்லது.

பிளஸ் வகைக்கு இன்னோர் அனுகூலமும் உண்டு, என் கணக்கில் அதுவே முக்கியமானது. ஒவ்வொரு வட்டும் தான் எந்த வகை என்று சொல்லும் குறியீடு ஒன்றைச் சுமக்கிறது. டிரைவ் அனுமதித்தால், பிளஸ் ஆர்டபிள்யூவின் குறியீட்டை டிவிடி ரோம் (படிக்க மட்டுமேயான அச்சிட்ட வட்டு) என்று மாற்றி எழுத முடியும். இம்க்பர்ன் போன்ற மென்பொருள்களில் இதற்குத் தனி அமைப்பே இருக்கிறது. மறுபதிவு வட்டு என்று தெரிந்ததுமே ஒதுக்கிவிடும் பிளேயர், இப்படி மாற்றியதும் அதே வட்டை ஏற்றுக்கொள்வதுண்டு. மைனஸ் ஆர்டபிள்யூவில் இந்தக் குறியீட்டை மாற்ற வழியில்லை.

கொள்ளளவில் வேறுபாடு சிறியதுதான், ஆனாலும் அகப்பட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை எழுதும் மைனஸ் ஆர் வட்டில் 4,707,319,808 பைட் கொள்ளும்; பிளஸ் வகையில் 4,700,372,992 பைட். முன்னதற்கு விளிம்பு வரை நிரப்பிச் செய்த படிமம் (வட்டில் எழுத வேண்டியதெல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) பின்னதில் அடங்காது. உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருப்பதைக் கணினி ஏறத்தாழ 4.38 என்று காட்டுவது ஏமாற்று அல்ல. இரண்டும் வெவ்வேறு கணக்குமுறை.

ஆக, குறியீட்டை மாற்றும் டிரைவ் இருந்தால் பிளஸ். இல்லையென்றால் மைனஸ் வட்டை ஒரே மூச்சு முறையில் எழுதி, இறுதி செய்து (இனி எதுவும் சேர்க்க முடியாதபடி மூடி) முடிப்பது. பிறருக்குக் கொடுக்க வேண்டிய பிரதி என்றால் இரண்டும் வேண்டாம்: மறுபதிவு வட்டில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒருமுறை எழுதும் வட்டில் கடைசிப் பிரதியை எடுப்பதே சரி. இன்னொரு மறுபதிவு வகையான டிவிடி ராம் பல்லாயிரம் முறை எழுதத் தாங்கும் என்றாலும் அதைப் படிக்கும் பிளேயர்கள் குறைவு என்பதால் இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை.

வேகம்

மெதுவாக எழுதினால் எப்போதும் நல்லது என்ற நம்பிக்கை மறுபதிவு வட்டுகளுக்கு அப்படியே பொருந்தாது. இவற்றுக்கு உச்ச வேகம் மட்டுமன்றிக் கீழ் எல்லையும் உண்டு. 8 மடங்கு வேக பிளஸ் ஆர்டபிள்யூவையும் 6 மடங்கு வேக மைனஸ் ஆர்டபிள்யூவையும் அவற்றுக்கு முந்தைய டிரைவ்கள் எழுதுவதில்லை. அங்கே வட்டும் டிரைவும் நன்றாகவே இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன. டிரைவின் ஃபர்ம்வேரை (அதற்குள் இருக்கும் இயக்க மென்பொருளை) புதுப்பித்தால் சில வேளை சரியாகும். ஆகாவிட்டால் 4 மடங்கு வேக வட்டுதான் வழி.

எழுதத் தொடங்கியதுமே லேசர் சக்தியைச் சரிபார்ப்பதில் பிழை என்று வந்தால், வட்டின் வகை, தூசு, தேய்ந்த லேசர் ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே சந்தேகிக்க வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் எழுதியபின் நின்றால் வெளி விளிம்பில் கைரேகையோ கீறலோ இருக்கிறதா என்று பார்க்கவும், ஏனெனில் பதிவு உள்ளிருந்து வெளியே போகிறது. 1000 முறை எழுதலாம் என்று உறை சொன்னாலும் அதற்கு வெகு முன்பே கீறல்கள் வேலையைக் காட்டிவிடுகின்றன.

டிவிடி வீடியோவும் தரவு வட்டும்

வட்டு பிழையின்றி எழுதப்பட்டும் ஓடவில்லை என்ற புகார்களில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன. எம்பி4 கோப்பை அப்படியே எழுதினால் அது தரவு வட்டு. டிவிடி வீடியோ என்பது வேறு: வீடியோ எம்பெக்-2 என்ற சுருக்க வடிவில், வழக்கமாக 720க்கு 576 அல்லது 720க்கு 480 புள்ளிகளில் இருக்க வேண்டும், வீடியோவின் பாய்வு (ஓடும் தரவின் அளவு) வினாடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். எல்லாம் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்ற கோப்புறைக்குள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாத விஓபி கோப்புகளாகப் பிரிந்து, அவற்றுக்கு வழிகாட்டும் ஐஎஃப்ஓ கோப்புகளோடு இருக்க வேண்டும். கோப்பின் பெயர் நீட்சியை மட்டும் மாற்றி இதைச் சாதிக்க முடியாது. டிவிடிஸ்டைலர் போன்ற மென்பொருள் மாற்றித் தரும், நேரம் பிடிக்கும், தரமும் சற்றுக் குறையும். ஆனால் எந்த டிவிடி பிளேயரும் படிக்கக் கூடிய வடிவம் இது ஒன்றுதான்.

பாய்வு விகிதத்தைக் கையாலேயே கணக்கிடலாம். 4.7 ஜிபியைப் பிட்டாக்கி இரண்டு மணி நேரத்தின் 7200 வினாடிகளால் வகுத்தால் வினாடிக்கு 5.2 மெகாபிட் வருகிறது. ஒலிக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் வீடியோவுக்கு 4.8 வரை வைக்கலாம். ஒரு மணி நேர வீடியோவுக்கு இடம் இருக்கிறதே என்று உச்ச அளவுக்கே கொண்டுபோனால், மங்கலான மறுபதிவு வட்டைப் படிக்கத் திணறும் பிளேயரில் படம் திக்கித் திக்கி ஓடும். 7 போதும்.

தரவு வட்டு எளிது, விரைவு, தரம் குறையாது. ஆனால் பிளேயருக்கு அந்த வடிவம் தெரிந்திருக்க வேண்டும்: டிவ்எக்ஸ் கோப்புகளைத் தயங்காமல் ஓட்டும் பழைய பிளேயர், எச்.264 என்ற வேறு சுருக்க முறையில் உள்ள வீடியோவைக் கண்டால் பெயரை மட்டும் காட்டிவிட்டு நிற்கும். கோப்பு 4 ஜிபியை ஒட்டி இருந்தால் இன்னொரு தடையும் உண்டு. வட்டில் இடம் இருந்தாலும், கோப்புகளை வட்டில் ஒழுங்குபடுத்தும் ஐஎஸ்ஓ 9660 அமைப்பு அவ்வளவு பெரிய கோப்பை வழக்கமான முறையில் ஏற்காது, யுடிஎஃப் என்ற வேறு அமைப்பு வேண்டும். படிமத்தை ஃபேட்32 முறையில் அமைத்த டிஸ்கில் சேமித்தாலும் அதே 4 ஜிபியில் முட்டும். ஐஎஸ்ஓ 9660இன் நீட்சியான ஜோலியட் அமைப்பில் கோப்புப் பெயருக்கு 64 எழுத்து அலகுகள் வரைதான் இடம் என்பதையும் தமிழில் பெயர் வைப்போர் கவனிக்க வேண்டும்: "கோ" என்பது நமக்கு ஓரெழுத்து, வட்டுக்கு இரண்டு. பிளேயரின் திரையில் அது பெரும்பாலும் வெறும் கட்டங்களாகவே தெரியும் என்பதால், எண்ணோடு சிறிய ஆங்கிலப் பெயர் வைத்துவிடுவது நிம்மதி.

விண்டோஸ் 7இலிருந்து வரும் ஒரு கேள்வியும் இங்கே சேரும்: வட்டை யுஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தவா, டிவிடி பிளேயருக்காகவா? முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் இழுத்துப் போட்டுச் சேர்க்கலாம், நீக்கலாம். ஆனால் டிவிடி பிளேயரில் அதை நம்ப முடியாது. பிளேயருக்கென்றால் இரண்டாவதுதான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், எழுதி முடித்ததும் சரிபார்க்கும் படியைத் தவிர்க்காமல், முடிந்தால் வேறொரு கணினியின் டிரைவிலும் படித்துப் பார்க்கவும். இரண்டிலும் படித்து பிளேயரில் மட்டும் ஓடாவிட்டால் முதலில் வடிவத்தையும் குறியீட்டையும் பார்க்க வேண்டும்; எழுதிய டிரைவைத் தவிர எதுவும் படிக்காவிட்டால் பதிவே பலவீனம், வேகத்தை மாற்றி மீண்டும் எழுதவும். வடிவமும் சரி, பதிவும் சரி என்றால், அச்சிட்ட ஈரடுக்குத் திரைப்பட டிவிடி ஒன்றை அந்த பிளேயரில் இட்டுப் பார்க்கலாம். அதிலும் படம் தடுமாறினால் பிளேயரின் லேசர் தளர்ந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும், எந்த நிறுவனத்தின் மறுபதிவு வட்டும் அதில் ஓடப்போவதில்லை.