சீரியலைப் பிடித்து வைக்க எந்தப் பெட்டி தோது?

ஐபிஎல் மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு தகராறு உண்டு. மேட்ச் ஏழரைக்கு, அம்மாவின் சீரியல் எட்டரைக்கு, டிவியோ ஒன்றுதான். சரி, சீரியலை ரெக்கார்டு செய்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்று நினைத்து, யூஎஸ்பி வசதி உள்ள ஒரு டிடிஎச் எச்டி பெட்டிக்கு மாறினேன். முதல் நாள் சாயங்காலமே குட்டு உடைந்தது. எட்டரைக்கு ரெக்கார்டிங் தொடங்கியதும் பெட்டி தானாகச் சீரியல் சேனலுக்குத் தாவிவிட்டது. அங்கே மேட்ச் பாதி இன்னிங்ஸில் சூடுபிடித்திருந்தது. தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் எளிது. அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு ட்யூனர்தான். ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் அது வாங்கும், அதைத்தான் எழுதி வைக்கும். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு ட்யூனர் உள்ள ஹார்டு டிஸ்க் பெட்டி வேண்டும். நம் ஊரில் டாட்டா ஸ்கை (இன்றைய டாட்டா ப்ளே) 2008-ல் 'ப்ளஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது அந்த வகைதான். டிஷ்ஷில் இரட்டை எல்என்பி (சிக்னலை வாங்கும் முனைக் கருவி) மாட்டி, அங்கிருந்து வீட்டுக்குள் இரண்டு கேபிள் இழுக்க வேண்டும். வாடகை வீட்டில் இரண்டாவது ஓட்டைக்கு வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பது தனிக் கதை. ஆனால் மாட்டிவிட்டால் சுகம். மேட்ச் நேரலையாக ஓடும், சீரியல் பின்னால் பதிவாகும், நடுவில் யாராவது வந்தால் நேரலையையே நிறுத்திவைத்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், கம்பெனிகள் இப்போது நெட் வழியாகவும் படம் காட்டும் ஓடிடி பெட்டிகளைத்தான் முன்னே தள்ளுகின்றன. ரெக்கார்டர் பெட்டி இன்னும் தருகிறார்களா, பழுதானால் மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பென் டிரைவ் வழி மலிவு. பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் செலவு பென் டிரைவுக்கு மட்டும்தான். சில கம்பெனிகள் ரெக்கார்டிங் வசதியைத் திறந்துவிடத் தனியாகக் காசு கேட்கும். படத்தரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பெட்டி வானத்திலிருந்து வருவதை வந்தபடியே எழுதுகிறது, தானாக எதையும் சுருக்குவதில்லை. அதனால் 'எங்கள் ரெக்கார்டிங்தான் துல்லியம்' என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். இடக் கணக்குதான் முக்கியம். எச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. சாதாரண சேனல் 2 மெகாபிட் என்றால் 1 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. ஆக 32 ஜிபி பென் டிரைவில் எச்டி சுமார் எட்டு மணி நேரம் பிடிக்கும். அரை மணி சீரியலுக்கு அது போதும், டெஸ்ட் மேட்ச் என்றால் ஒரு நாள் ஆட்டத்தோடு நிரம்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை. பென் டிரைவைச் செருகியதும் பெட்டி 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும். அக்கா மகள் காதுகுத்துப் படங்கள் இருந்த டிரைவில் நான் 'சரி' அழுத்திவிட்டேன். அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

இன்னொரு குழப்பமும் பலருக்கு உண்டு. டிவியின் பின்னாலும் யூஎஸ்பி துளை இருக்கிறதே, அதில் செருகினால் போதாதா? போதாது. டிவியில் ரெக்கார்டிங் வசதி இருந்தாலும் அது டிவியின் சொந்த ட்யூனர் பிடிப்பதைத்தான் எழுதும். எச்டிஎம்ஐ கேபிள் வழியே பெட்டியிலிருந்து வருவதை எழுதாது.

மேலே சொன்ன இரண்டுக்கும் ஒரே குறை, எனக்கு அது பெரிய குறை. பதிவு உங்களுடையது போலத் தெரியும், ஆனால் இல்லை. கட்டணச் சேனல்கள் பூட்டுப் போட்டு வருபவை. பதிவும் பூட்டோடுதான் எழுதப்படும். சாவி அந்தப் பெட்டியிடம். பென் டிரைவைக் கழற்றிக் கணினியில் போட்டால் ஓடாது. பெட்டி கெட்டுப்போய் வேறு பெட்டி வந்தால் அதிலும் ஓடாது. பார்த்துவிட்டு அழிப்பவருக்குச் சரி, வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு உதவாது.

வைத்துக்கொள்ள வேண்டுமா, தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பக்கம் போங்கள். மாதக் கட்டணம் இல்லை, பெரும்பாலான சேனல்களுக்குப் பூட்டும் இல்லை. யூஎஸ்பி ரெக்கார்டிங் உள்ள சாதாரண பெட்டி எழுதும் கோப்பு கணினியில் விஎல்சி என்ற வீடியோ ப்ளேயரில் அப்படியே ஓடும். சில பெட்டிகள் 4 ஜிபிக்கு ஒரு துண்டாக வெட்டி எழுதும். பென் டிரைவ் கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 என்ற முறையில் ஒரு கோப்புக்கு அதுதான் எல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் சேனல்கள்? பெரும்பாலும் இந்தி. சன், விஜய், ஜீ தமிழை எதிர்பார்க்காதீர்கள். எங்கள் அப்பாவுக்கு மட்டும் இது வரப்பிரசாதம். தூர்தர்ஷன் மார்கழி-தை வாக்கில் நேரலையாகக் காட்டும் திருவையாறு தியாகராஜ ஆராதனையைப் பிடித்து, பஞ்சரத்ன கீர்த்தனைகளை ஆண்டுவாரியாகப் பெயரிட்டு அடுக்கி வைத்திருக்கிறார். 2024-ல் பொதிகை 'டிடி தமிழ்' ஆனபோது அவர் கவலைப்பட்டது டைமரில் சேனல் எண் மாறிவிடுமோ என்றுதான்.

ஓடிடி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பீர்கள். நெட் நன்றாக வரும் வீட்டில் அது நியாயமான கேள்வி. சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், ஜீ5 மூன்றிலும் சீரியல்கள் கிடக்கின்றன. எங்கள் தெருவில் மழை பெய்தால் நெட் போகும். பலத்த மழைக்கு டிஷ்ஷும் போகும் என்பதால் இதில் நான் ரொம்ப வாதாட முடியாது. ஆனால் அம்மாவுக்கு ரிமோட்டில் பெயர் தேடி எழுத்தெழுத்தாக அடிப்பது பிடிக்காது.

கடைசியில் நாங்கள் பென் டிரைவ் பெட்டியையே வைத்துக்கொண்டோம். எட்டரை மணிக்குப் பதில் மறுநாள் மறுஒளிபரப்புக்கு டைமர். சீரியல் சொன்ன நேரத்துக்குத் தொடங்காது, அதனால் முன்னால் இரண்டு நிமிடம், பின்னால் ஐந்து நிமிடம் கூட்டி வைக்கிறேன். அப்படியும் முதல் வாரம் ஒன்றும் பதிவாகவில்லை. அப்பா வழக்கம்போல வெளியே கிளம்பும்போதெல்லாம் 'கரண்ட் வீணாகிறது' என்று சுவரில் உள்ள சுவிட்சையே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். மின்சாரம் இல்லாத பெட்டிக்கு டைமர் எங்கே வேலை செய்யும்? அந்தச் சுவிட்சின் மேல் இப்போது கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறது.