வெள்ளெழுத்து வந்தபின் வாங்கிய ரெட் டாட்: மூன்றாண்டு அனுபவம்

நாற்பத்தாறு வயதில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. அதுவரை என் 0.177 அங்குலக் காற்றுப் பிஸ்டலின் இரும்புக் குறிகளோடு எந்தச் சண்டையும் இல்லை. பின்காடிக்கு நடுவில் முன்முனையை நிறுத்து, கண் முன்முனையிலேயே இருக்கட்டும் என்று என்.சி.சி.யில் படித்த பாடம். அந்த முன்முனைதான் முதலில் பஞ்சாக மங்கியது.

ரெட் டாட் எனும் சிவப்புப் புள்ளிக் குறிக்கருவியை வாங்கிப் பொருத்தினேன். உள்ளிருக்கும் சிறு எல்.ஈ.டி.யின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதால், புள்ளி இலக்கின் மேலேயே மிதப்பதுபோல் தெரியும். இலக்கைப் பார்த்தால் போதும். கொருக்குப்பேட்டையில் அண்ணனின் கிடங்கில், மணல் மூட்டைகளுக்கு முன்னால் அட்டையை மாட்டி, முதல் வாரம் சிறுபிள்ளைபோல் சுட்டுத் தீர்த்தேன்.

ஆனால் புள்ளி உருண்டையாக இல்லை, நசுங்கிய நட்சத்திரமாக இருந்தது. விற்றவரை மனதாரத் திட்டினேன். பிறகு கைப்பேசிக் கேமராவை வைத்துப் பார்த்தால் புள்ளி அச்சு வட்டம்! கோளாறு என் கண்ணில்தான், சிதறல் பார்வையாம். வெளிச்சத்தைக் குறைத்ததும் ஓரளவு அடங்கியது.

புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள். மூன்று எம்.ஓ.ஏ. புள்ளி 10 மீட்டரில் ஏறக்குறைய 9 மி.மீ. அகலத்தை மறைக்கும். போட்டி அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். பத்து மீட்டர் பிஸ்டல் போட்டியில் ரெட் டாட்டுக்கு அனுமதியும் கிடையாது. போட்டிக்குத் தயாராகிறவர்கள் இதில் காசைக் கரைக்க வேண்டாம்.

என்னை அதிகம் படுத்தியது ராயபுரத்துக் கடற்காற்று. இரண்டாம் மழைக்காலத்திலேயே திருகுகள் துருவேறின. ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்தால் கண்ணாடி பூத்துப்போகும். போதாக்குறைக்கு, ஸ்பிரிங் பிஸ்டல் பின்னும் முன்னும் உதைப்பதால் பிடிப்பு மெல்ல நகர்ந்து, குறி இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது. அணைக்க மறந்த இரவுகளில் பேட்டரி வேறு தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் கேட்டும் தங்கையின் கணவருக்கு ஆசை விடவில்லை. சவுகார்பேட்டையில் அடகுக்கடை; உரிமம் பெற்ற .32 பிஸ்டலை இடுப்பில் வைத்தபடி இரவில் வீடு திரும்புகிறவர். "மச்சான், என்னுடையதிலும் ஒன்று மாட்டலாமா?" என்றார். அதன் ஸ்லைடில், அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தில், ரெட் டாட் அமர இடமே இல்லை. கடைந்துதான் பொருத்த வேண்டும். அதற்கு முன், குண்டு போடாத என் பிஸ்டலைக் கொடுத்துச் சுவரை நோக்கிச் சட்டென்று உயர்த்தச் சொன்னேன். பத்தில் ஆறு முறை, கண்ணாடிக்குள் புள்ளியைக் காணாமல் மணிக்கட்டை ஆட்டித் தேடிக்கொண்டிருந்தார். இரும்புக் குறியில் இந்தத் தேடல் இல்லை. கை கோணினாலும் எந்தப் பக்கம் கோணியது என்று முன்முனை காட்டிவிடும். தினமும் பழக நேரமிருந்தால் வாங்குங்கள் மாப்பிள்ளை, இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன்.

என் பிஸ்டலில் ரெட் டாட் இன்னும் இருக்கிறது, வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியோடு. அவருடைய முன்முனையில் இப்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு. என் தங்கையின் நகப்பூச்சு.