எஞ்சிய மருந்துகள்: ஒப்படைப்பதா, குப்பையில் இடுவதா, நீரில் விடுவதா?

வீட்டு அலமாரியைக் காலி செய்யும்போது கைக்கு வரும் மற்றப் பொருள்களை யாருக்காவது கொடுத்துவிடலாம். எஞ்சிய மருந்தை அப்படிக் கொடுப்பதற்கில்லை. ஒருவருக்கு எழுதித் தரப்பட்ட மாத்திரை இன்னொருவரின் உடலுக்கு ஒத்துவரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. ஆகவே, அப்படியே வைத்திருப்பது, சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பது, குப்பையில் சேர்ப்பது, கழிவறை நீரில் விடுவது ஆகிய வழிகளே எஞ்சுகின்றன. இவற்றை ஒப்பிடும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த மருந்து முற்றிலும் அழியும் வரை யார் கையில், அல்லது எந்த உயிரின் வாயில், அது சிக்கக்கூடும்?

வைத்திருப்பதற்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. அமெரிக்க இராணுவ இருப்பிலிருந்த 122 மருந்துகளைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்ட தொகுதிகளுள் 88 விழுக்காடு, காலாவதித் தேதிக்குப் பின்னும் குறைந்தது ஓராண்டு தரம் குன்றாமல் இருந்தன. ஆனால் அவை உறை பிரிக்கப்படாமல், உரிய வெப்பநிலையில் காக்கப்பட்டவை. குளியலறை ஈரத்திலோ சமையலறை வெக்கையிலோ கிடந்த பாதிப் புட்டிக்கு அந்த முடிவு பொருந்தாது. ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. புட்டியைத் திறந்ததும் எழும் வினிகர் நெடி அதனால்தான். தூளில் நீர் கலந்து தயாரிக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப்புகளின் ஆயுள் பெரும்பாலும் 7 முதல் 14 நாள்கள் மட்டுமே. இதைவிட எனக்குக் கவலை தருவது, மிட்டாய் என்று எண்ணி மாத்திரையை எடுக்கும் குழந்தையின் கை. நான்கு வழிகளுள் வீட்டில் வைத்திருப்பதையே மிக மோசமானது என்பேன்.

மருந்துக்கடையோ மருத்துவமனையோ நடத்தும் சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதுதான் முதல் தரமான வழி. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இயற்றிய நெறிமுறை, உறுப்பு நாடுகள் இத்தகைய சேகரிப்பு ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. சேகரிக்கப்படும் மருந்துகள் பொதுவாக அதிக வெப்ப எரிஉலைகளுக்குச் செல்கின்றன. 1999இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு அறைகள் கொண்ட எரிஉலைக்குக் குறைந்தது 850 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை என்கிறது. வீட்டு முற்றத்தில் மூட்டும் நெருப்பு அதை எட்டாது, பி.வி.சி. மாத்திரை அட்டைகள் அதில் எரிந்தால் நச்சுப் புகையும் எழும். ஒப்படைப்பதில் உள்ள குறை தாமதம்தான். அடுத்த முறை போகும்போது கொடுக்கலாம் என்று கதவோரம் மாட்டிவைத்த பை மாதக்கணக்கில் அங்கேயே தொங்கினால், அலமாரியில் உயரத்தில் இருந்த ஆபத்தைக் கைக்கெட்டும் இடத்துக்கு இறக்கிவிட்டோம் என்றே பொருள்.

மையம் அருகில் இல்லாதவர்களுக்குக் குப்பைதான் அடுத்த வழி. அதுவும் முறையாகச் செய்தால் மட்டுமே. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பொடியாக்காமல், பயன்படுத்திய காபிச் சக்கையுடனோ மண்ணுடனோ கலந்து, இறுக மூடும் பையில் அடைத்துப் போட வேண்டும். பார்ப்பவருக்கு அருவருப்பூட்டி, விலங்குகளையும் குப்பை பொறுக்குவோரையும் விலக்குவதே இந்தக் கலவையின் நோக்கம். புட்டியில் உள்ள பெயரையும் நோய் விவரத்தையும் அழித்துவிடுவது நல்லது. என்றாலும் சரியாகப் பராமரிக்கப்படாத குப்பைமேட்டிலிருந்து மருந்து நிலத்தடி நீருக்குக் கசியக்கூடும் என்பதால், இதை இரண்டாம் தரமாகவே கருதுகிறேன்.

நீரில் விடுவது எளிது என்பதாலேயே பலர் அதை நாடுகிறார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல மருந்து மூலக்கூறுகளை முழுமையாக நீக்குவதில்லை. கனடாவில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஏரி ஒன்றில், கருத்தடை மாத்திரைகளில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை (பெண் ஹார்மோன்) லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தபோது, ஆண் மீன்களில் பெண்மைக் கூறுகள் தோன்றி, அந்த ஏரியில் ஒரு சிறு மீனினமே ஏறக்குறைய அற்றுப்போனது; 2007இல் வெளியான முடிவு இது. நீர்நிலைகளைச் சேரும் மருந்தில் பெரும்பங்கு மனித உடலிலிருந்து கழிவாகவே வருகிறது என்பது உண்மைதான். ஆனால் தவிர்க்க முடியாததோடு தவிர்க்கக்கூடியதையும் சேர்க்க அது நியாயமாகாது. நீரில் விடக்கூடாது என்பதற்கு விலக்கும் உண்டு. ஃபென்டனில் போன்ற வீரியமிக்க வலிநிவாரணிகளின் ஒரே வேளை அளவுகூடக் குழந்தையின் உயிரைப் பறிக்கலாம். இவ்வகை மருந்தைத் தோல்வழி செலுத்தும் ஒட்டுப்பட்டையைப் பயன்படுத்தி எடுத்த பின்பும் அதில் கணிசமான மருந்து எஞ்சியிருக்கும். ஒப்படைக்க உடனடி வழி இல்லையெனில் இவற்றை, பட்டையானால் ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, கழிவறையில் விட்டுவிடுமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. அது வெளியிட்ட குறுகிய பட்டியலில் இல்லாத எதற்கும் இந்த விலக்கை நீட்டக்கூடாது.

ஊசிகளைத் துளைபடாத கெட்டிப் பெட்டியில் இட்டுத் தனியே ஒப்படைக்க வேண்டும். அழுத்தவாயு அடைத்த இன்ஹேலர்களை எரிக்கவோ துளைக்கவோ கூடாது. புற்றுநோய்க்கான மருந்துகளுக்கு மட்டும் குப்பையும் நீரும் இரண்டுமே ஆகாதவை; அவற்றைக் கையுறை அணிந்து எடுத்து, அசல் உறையுடனேயே, வழங்கிய மருத்துவமனையிடம் திருப்பித் தர வேண்டும்.