ஒன்பது வருடமாகக் கேட்டுவரும் ஒரு ‘ஆமென்’

நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியின் ‘ஷஃபரிங் அண்ட் ஷ்மைலிங்’ ஆல்பத்தை முதல்முறை போட்டபோது பாதியில் நிறுத்திவிட்டேன். ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு, 21 நிமிடத்துக்கு மேல். குரல் எப்போதுதான் வரும் என்று காத்திருந்தே பொறுமை போய்விட்டது. அதற்கப்புறம் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது அந்த முன்பகுதியைத் தள்ளிவிட்டுக் கேட்க மனம் வருவதில்லை.

முதல் இரண்டு வருடம் இது எனக்கு வெறும் ஆட்டப் பாட்டுதான். இரவில் கார் ஓட்டும்போது போட்டுக்கொள்வேன். ஃபெலா குழுவின் டோனி ஆலன் வாசிக்கும் டிரம்ஸ் எங்கேயும் ஓங்கி அடிக்காது, சலசலத்துக்கொண்டே போகும். ஆனால் உடம்பைச் சும்மா இருக்க விடாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டார் காணாமல் போய் தகர டப்பா சத்தம்தான் மிஞ்சும். ஆசைப்பட்டு எல்பி இசைத்தட்டும் வாங்கினேன். பாட்டை இரண்டாக வெட்டி இரண்டு பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். சூடு ஏறும் நேரத்தில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும்.

வரிகள் பிடிபட நாளாயிற்று. ஃபெலா பாடுவது நைஜீரியத் தெருக்களில் புழங்கும் பிஜின் என்ற கலப்பு ஆங்கிலம். தலைப்பே ‘சஃபரிங்’, ‘ஸ்மைலிங்’ இரண்டையும் நாக்குக் குழறிச் சொன்ன மாதிரி இருக்கும். கஷ்டப்படு, சிரித்துக்கொண்டே கஷ்டப்படு. லாகோஸ் நகரத்து பஸ்ஸில் 49 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், 99 பேர் நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் இல்லை. படுத்தால் கரண்ட் போய்விடும். தெருவில் போலீஸ் அறை, ராணுவத்தின் சவுக்கு. ஆபீஸுக்குப் போனால் மெமோ காத்திருக்கும். தினமும் இதே கதைதான் என்று பின்பாட்டு வந்துகொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்டவர்களிடம்தான், இங்கே துன்பப்படு, பரலோகத்தில் அனுபவிக்கலாம் என்று சொல்லப்படுகிறது. சொல்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள்? ஆர்ச்பிஷப், போப், இமாம் மூவரும் இங்கேயே சுகமாக இருக்கிறார்கள் என்கிறார் ஃபெலா. மூன்று பேரின் சுகத்துக்கும் மூன்று வேறு சொல், பொருள் ஒன்றுதான். வரிக்கு வரி குழு ‘ஆமென்’ போடுகிறது. ஃபெலா வாய்க்கு வந்தபடி கட்டிய போலி லத்தீனுக்கும் ஆமென்.

நான் பாளையங்கோட்டைக்காரன், சிஎஸ்ஐ வீட்டில் வளர்ந்தவன். ஜெபம் முடிந்தால் வாய் தானாக ஆமென் சொல்லிவிடும். ஒருநாள் சிக்னலில் வண்டி நிற்கும்போதுதான் கவனித்தேன், பாட்டோடு சேர்ந்து நானும் சத்தமாக ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதற்குச் சொல்கிறேன் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பக்கத்து பைக்கில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். அவ்வளவு நேரம் தாளம் போட்டு உடம்பை இளக்கியது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இந்தப் பொறி எங்கே பிடிக்கும் என்று ஃபெலாவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். 1938இல் நைஜீரியாவின் அபேயோகுட்டா நகரத்தில் போதகர் வீட்டில் பிறந்தவர். தாத்தா ஜோசையா ரான்சம்-குட்டியும் ஆங்கிலிக்கன் பாதிரியார். 1922இல் லண்டனில் யொரூபா மொழிக் கிறிஸ்தவப் பாடல்களை இசைத்தட்டில் பாடிக் கொடுத்தவர். எங்கள் திருநெல்வேலிக்கு வந்த அதே சர்ச் மிஷனரி சொசைட்டிதான் அபேயோகுட்டாவுக்கும் போயிருந்தது. பேரன் தன் பெயரிலிருந்து ‘ரான்சம்’மை எடுத்துவிட்டு ‘அனிகுலாபோ’ என்று சேர்த்துக்கொண்டார். சாவைத் தன் பையில் வைத்திருப்பவன் என்று அர்த்தம்.

சவுக்கு என்ற சொல்லும் சும்மா வந்ததில்லை. 1977 பிப்ரவரி 18 அன்று சுமார் 1,000 ராணுவத்தினர், ‘கலாகுட்டா குடியரசு’ என்று அவர் பெயரிட்டிருந்த வீட்டுக்குள் புகுந்து அடித்து, கொளுத்தினார்கள். அவருடைய தாய் ஃபுன்மிலாயோவை ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் அவர் இறந்துபோனார். ஆல்பம் வந்ததும் அதே 1978இல்தான்.

உறுத்தல்களும் உண்டு. அபேயோகுட்டாவில் பெண்களைத் திரட்டி வரிக்கு எதிராகப் போராடியவர் ஃபுன்மிலாயோ. அவருடைய மகன் 1978இல் ஒரே நேரத்தில் 27 பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார். பாதிரியையும் இமாமையும் அந்த வாங்கு வாங்கியவர், தன் வீட்டில் தானே ஒரு ராஜாவாகத்தான் இருந்தார். அதோடு, வெளியிலிருந்து வந்த மதம் என்று அவர் மொத்தமாக ஒதுக்கும் இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. என் பாட்டிக்கு எழுத்து அறிவித்தது ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அதை எந்தக் கணக்கில் வைப்பது? ஒன்பது வருடமாக அவரோடு மனதுக்குள் இந்த வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போனபோது முன்னறையில் போட்டிருந்தேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “என்னல, கோயில் பாட்டா?” என்று கேட்டாள்.

“அப்படித்தாம்மா.”

அடுத்த ஆமெனுக்கு அவளும் சேர்ந்துகொண்டாள்.