99 ரூபாய் வெபினாரா, மாதக் கட்டணமா? டேலி வகுப்பு விற்றுப் பார்த்த கணக்கு

ஒரு மத்தியானம் மாணவி ஒருத்தியின் அப்பா போன் செய்தார். "டீச்சருங்களா? புள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாயிருச்சுங்க. இனிமேல் கிளாசுக்கு வர முடியாதுங்க. கட்டுன பணத்துல மிச்சம் ஏதாச்சும் திரும்பக் கிடைக்குமுங்களா?"

அந்தப் பெண் 16 வாரக் கோர்சுக்கு 9,999 ரூபாயை முழுசாகக் கட்டிவிட்டு நாலு வாரம்தான் வந்திருந்தாள். என் சேர்க்கைப் படிவத்தின் அடியில், பொடி எழுத்தில், 'கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று ஒரு வரி இருந்தது. அது என் கைப்பட எழுதிய வரி அல்ல. ஆன்லைனில் விற்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மாதிரிப் படிவம் தந்தார். அதை அப்படியே ஒட்டியிருந்தேன். அதைப் போனில் அந்த மனிதருக்குப் படித்துக்காட்ட எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது.

நான் திருப்பூரில் டேலி என்னும் கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல், கொஞ்சம் எக்செல் சொல்லித் தருகிறேன். வருபவர்களில் பாதிப் பேர் பி.காம் முடித்தவர்கள். மீதிப் பேர் குழந்தை பள்ளிக்குப் போனதும் மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள். வகுப்பை ஆன்லைனுக்குக் கொண்டுபோன பிறகு மூன்று விதமாக விற்றுப் பார்த்துவிட்டேன்: 99 ரூபாய் வெபினார் (ஆன்லைன் அறிமுக வகுப்பு) வைத்து முழுக் கட்டணப் பேக்கேஜ், கோர்ஸ் விற்கும் தளமான உடெமியில் பதிவு செய்த வீடியோ கோர்ஸ், இரண்டு இலவச வகுப்புக்குப் பிறகு மாதக் கட்டணம். இப்போது மூன்றாவதில் இருக்கிறேன், அதன் பக்கம்தான் பேசுவேன். நடுநிலை வேண்டுபவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

உடெமியை முதலில் முடித்துவிடலாம். அங்கே நான் போட்டது ஒரே ஒரு கோர்ஸ், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. நம் கூப்பன் வழியாக ஆள் வந்தால் 97 சதவீதம் நமக்கு. அவர்கள் தளத்திலேயே தேடி வாங்கினால் 37 சதவீதம். தள்ளுபடி விலையில்தான் பெரும்பாலும் போகிறது. வாங்கியவர் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதில் நமக்குப் பேச்சே இல்லை. நேர்மை என்று பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. நாம் வாயால் அளக்க இடமே கிடையாது. முன்னோட்ட வீடியோ இருக்கிறது, பார்த்துவிட்டு வாங்குவார்கள்.

எனக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஆயிரம் ரூபாய் வரை ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்று ஊருக்கே பழகிய கணக்கை வைத்துப் பாடம் எடுத்திருந்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் அது 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18 என்று மாறிவிட்டது. 12 சதவீத அடுக்கே போய்விட்டது. வீடியோவில் இருக்கும் நான் மட்டும் இன்னும் 12 என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு வீடியோவைத் திரும்ப எடுக்க வேண்டும். எடுக்கும் வரை விற்பனையை நிறுத்த வேண்டும், அல்லது 'இது பழைய விகிதம்' என்று தெளிவாகப் போட வேண்டும். நான் நிறுத்திவிட்டேன். யோகா, ஓவியம் மாதிரி மாறாத பாடம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது. வரி சொல்லித்தருபவருக்குப் பதிவுக் கோர்ஸ் என்பது பராமரிப்புச் செலவுள்ள சொத்து.

அடுத்தது வெபினார். இதில் நான் கிட்டத்தட்ட ஒரு வருடம் இருந்தேன். முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாவிலும் விளம்பரம், 99 ரூபாய்க்கு ஒன்றரை மணி நேர வகுப்பு, கடைசி அரை மணியில் விலை. கையில் கொடுத்த ஸ்கிரிப்ட்டில் எந்த நிமிடம் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட இருந்தது. 'இதன் மதிப்பு 45,000' என்று தொடங்கி, ஒவ்வொன்றாக போனஸ் அடுக்கி, 'இன்று இரவு 12 மணி வரை மட்டும் 9,999' என்று முடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடும். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் கடிகாரம் முதலிலிருந்து ஓடும். அடுத்த வாரமும் அதே 9,999தான்.

45,000 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. அந்த விலைக்கு நான் யாருக்கும் விற்றதில்லை.

இதைவிட என்னை உறுத்தியது ஒரு ஸ்கிரீன்ஷாட். 'அக்கா, எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலை கிடைச்சிருச்சு' என்று ஒரு பெண் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை ஒவ்வொரு வெபினாரிலும் காட்டுவேன். செய்தி உண்மை. அவளுடைய சித்தப்பா அதே கம்பெனியில் மேனேஜர் என்பதும் உண்மை, அதை மட்டும் காட்டவில்லை. படத்தைப் போடலாமா என்று அவளிடம் கேட்கவும் இல்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று பயிற்சித் துறை விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய்யாக வாக்குக் கொடுக்கக் கூடாது. வெற்றிபெற்றவரின் பெயர், படம் போட வேண்டுமானால் எழுத்து மூலம் சம்மதம் வேண்டும், அதையும் அவர் வெற்றிபெற்ற பிறகுதான் வாங்க வேண்டும். சேரும்போதே கையெழுத்து வாங்கிவைப்பது செல்லாது. இடம் குறைவு, நேரம் குறைவு என்று பொய்யாக அவசரப்படுத்தவும் கூடாது. இந்தப் பொய் அவசரம் 2023இல் வந்த இன்னொரு நெறிமுறையிலும் இருக்கிறது. இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியல் போட்டுத் தடுத்தது அது. பட்டியலைப் படித்துக்கொண்டு போகையில் என் ஸ்கிரிப்ட்டை யாரோ எதிரே வைத்துக்கொண்டு எழுதியது போல இருந்தது.

சரி, பொய்யை எடுத்துவிட்டு வெபினாரை மட்டும் வைத்துக்கொள்ளலாமே? அதையும் செய்து பார்த்தேன். கடிகாரம் இருந்த ஒரு வெபினாரில் 80 பேர் உட்கார்ந்து 9 பேர் சேர்ந்தார்கள். கடிகாரம், 45,000, ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்துவிட்டு நடத்தியபோது ஏறக்குறைய அதே கூட்டத்தில் 4 பேர். இரண்டே வெபினாரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான். ஆனால் அந்த 9 பேரில் 3 பேர் முதல் மாதத்துக்குள்ளேயே பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். நாலு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஒரு விற்பனை முறை நேர்மையானதா என்று பார்க்க விளம்பரத்தைப் படித்தால் போதாது. மாணவர் பாதியில் போகிறேன் என்று சொல்லும் நாளில் அந்த முறை நம்மை எங்கே நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் பாதியில் போவது சோம்பலால் மட்டும் நடப்பதில்லை. கல்யாணம், பிரசவம், மாமியாருக்கு ஆபரேஷன், கம்பெனியில் நைட் ஷிப்ட். யார் மேலும் தப்பில்லை.

அந்த அப்பாவுக்கான கணக்கைப் பாருங்கள். 16 வாரத்தில் 4 வாரம் முடிந்தது. மீதி முக்கால் பங்கு, அதாவது 7,500 ரூபாய் திருப்பித் தர வேண்டும். என்னிடம் மிஞ்சுவது 2,500. அதில் ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே முழுத் தொகைக்கும் 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் ஏற்கெனவே எடுத்துவிட்டது, சுமார் 236 ரூபாய். அந்த வெபினாருக்கு விளம்பரம் 6,000, ஒன்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 667. ஆக ஒரு மாதம் பாடம் நடத்தியதற்கு என் கையில் 1,600 ரூபாய். 7,500ஐயோ நான் எப்போதோ புது லேப்டாப் தவணைக்கும் அடுத்த விளம்பரத்துக்கும் போட்டுவிட்டேன். முழுக் கட்டணம் வாங்கும் எல்லோருக்கும் இதுதான் நிலைமை. கைக்கு வந்த பணம் இன்னும் நம்முடையதாகவில்லை, ஆனால் செலவாகிவிடுகிறது. அந்த நிலையில் ஒருவர் திரும்பக் கேட்டால் அவர் கடன்காரர் மாதிரித் தெரிகிறார். பொடி எழுத்து வரியின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது. நான் கெட்டவள் என்பதால் தோன்றவில்லை, கையில் பணம் இல்லாததால் தோன்றுகிறது.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல், முழுக் கட்டணம் கட்டிய மாணவர் பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள் கணக்கிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அது 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களை மனதில் வைத்து எழுதியது. என் வகுப்பில் 31 பேர். அதைக் காரணம் காட்டி நான் தப்பிக்கலாம். ஆனால் விகிதாசாரம், பத்து நாள் என்ற அளவுகோல் எனக்கு நியாயமாகப் பட்டது. மறுநாள் அந்த அப்பாவைக் கூப்பிட்டு 7,500 அனுப்புவதாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டுப் பாக்கலாம்னுதானுங்க கேட்டேன், கிடைக்கும்னு நெனைக்கலீங்க" என்றார். பாராட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை, எனக்கு அது குத்தியது. பணத்தை இரண்டு தவணையாக அனுப்பினேன், இரண்டாவது ஒன்பதாம் நாள்.

மாதக் கட்டணத்தில் இந்தக் கணக்கே எழுவதில்லை. மாதம் 2,500, நாலு மாதம், மொத்தம் அதே பத்தாயிரம்தான். இரண்டு வகுப்பு இலவசம். யுபிஐயில் நேரடியாக வருவதால் கழிவும் கிடையாது. ஒருத்தி நாலாவது வாரம் விலகினால் நான் ஒன்றும் தர வேண்டியதில்லை, அவள் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. நடுவில் போனால் மீதி வாரங்களுக்குக் கழித்து அனுப்புகிறேன், அது இரண்டாயிரத்தைத் தாண்டாத தொகை. கையில் எப்போதும் இருக்கும்.

இன்னொன்றும் நடந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. பேக்கேஜ் விற்றபோது என் வருமானம் முழுவதும் வெபினார் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில்தான் வந்தது. அதனால் அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் மெருகேற்றிக்கொண்டே இருந்தேன். பாடம் சுமாராகப் போனாலும் வருமானம் குறையாது. இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவர்கள் திரும்ப முடிவெடுக்கிறார்கள். பேச்சை மெருகேற்றி ஒரு பலனும் இல்லை. பேங்க் ரிகன்சிலியேஷன் (வங்கிக் கணக்கோடு நம் கணக்கை ஒத்துப்பார்ப்பது) புரிந்ததா இல்லையா என்பதில்தான் என் சோறு இருக்கிறது.

விற்கும் பேச்சும் தானாக மாறியது. முதல் இலவச வகுப்பிலேயே, டேலியின் இப்போதைய பதிப்பான டேலி பிரைமை வாங்க வேண்டாம், அதன் இலவச எஜுகேஷனல் மோடிலேயே பழகலாம், ஆனால் அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட முடியும் என்று சொல்லிவிடுகிறேன். முன்பு இதைச் சொன்னால் ஆள் போய்விடும் என்று மூன்றாவது வாரம் வரை மறைப்பேன். வேலை கிடைக்குமா என்று கேட்டால், உறுதி தர முடியாது, முந்தைய பேட்ச்சில் படித்த இரண்டு பேரின் நம்பர் தருகிறேன், நீங்களே கேளுங்கள் என்கிறேன். அவர்களிடம் முன்பே கேட்டுத்தான் தருகிறேன். எக்செல் மட்டும் போதும் என்று வருபவர்களை யூடியூபுக்கு அனுப்பிவிடுகிறேன். சேர்த்தால் அடுத்த மாதம் எப்படியும் போய்விடுவார்கள்.

மாதக் கட்டணத்தில் எரிச்சல் இல்லாமல் இல்லை. ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்து வரை நான் டீச்சர் இல்லை, வசூல்காரி. "அக்கா, சம்பளம் வரட்டும்", "அக்கா, ஜிபே வேலை செய்யல". தீபாவளி மாதம் திருப்பூரே காலியாகிவிடும், வகுப்பும் பாதியாகும். மே மாதமும் அப்படித்தான். இலவச வகுப்புக்கு வேடிக்கை பார்க்கவே வருபவர்கள் உண்டு. கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் குழு வகுப்பு 60 நிமிடத்தோடு நின்றுவிடும் என்பதால், பாடம் பாதியில் நிற்க, அவர்களில் ஒருவர் "அடுத்த லிங்க் எங்க மேடம்?" என்று கேட்பார். மொத்தமாகக் கையில் பணம் வராது என்பதால் ஆறு மாதச் செலவுக்காவது சேமிப்பு இல்லாதவர்கள் இதில் இறங்கினால் மூச்சுத் திணறும். எனக்கு வீட்டுக்காரர் சம்பளம் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் அந்த ஸ்கிரீன்ஷாட் மாதிரி ஆகிவிடும்.

போட்டித் தேர்வு வகுப்பு நடத்துபவர்களுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அங்கே பலன் தெரிய வருடக்கணக்காகும், மாதாமாதம் முடிவெடுக்கச் சொன்னால் மாணவருக்கே மனம் தளரலாம். அவர்கள் முழுக் கட்டணமே வாங்கினாலும், நடத்தி முடித்த மாதத்தின் பங்கைத் தவிர மீதியைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைத்தால், திருப்பித் தரும் நாளில் என்னைப் போல முழிக்க வேண்டியிருக்காது. நான் அதைச் செய்து பார்த்ததில்லை. எனக்கு அந்தக் கட்டுப்பாடு வராது என்று தெரிந்துதான் மாதக் கட்டணத்துக்கு வந்தேன்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி வரை 31 பேரில் 26 பேர் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பேருக்குச் சம்பளம் பத்தாம் தேதி. ஒருத்தி ஊருக்குப் போயிருக்கிறாள். மீதி இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை. இருவருமே போன வாரம் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள். அன்றைக்கு இன்புட் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதை) நான் கொஞ்சம் அவசரமாகத்தான் நடத்தினேன். ராத்திரி அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.