கனத்த இறையியல் பாடநூலை எதில் படிப்பது: அச்சிலா, கிண்டிலிலா, லோகோஸிலா?

கிறிஸ்தவ இறையியலை ஒழுங்காகப் படிக்கத் தொடங்குபவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் எல்லாக் கோட்பாடுகளையும் ஒரே தொகுதியில் அடக்கிய முறைமை இறையியல் நூலைத்தான். அமெரிக்க இறையியலாளர் வேய்ன் குரூடமின் ‘சிஸ்டமேட்டிக் தியாலஜி’ அந்த வகைக்குப் பரவலாகத் தெரிந்த எடுத்துக்காட்டு. 1994இல் வந்த முதல் பதிப்பே 57 அதிகாரங்களுடன் 1,200 பக்கங்களைத் தாண்டியது. 2020இன் இரண்டாம் பதிப்பு இன்னும் பருத்தது.

இப்படிப்பட்ட நூலை எந்த வடிவில் வாங்குவது என்று கேட்டால் பலரும் விலையையும் எடையையும்தான் ஒப்பிடுகிறார்கள். அது போதாது. இந்த நூல்களில் வாதத்தைத் தாங்கி நிற்பவை அடைப்புக்குறிக்குள் வரும் வசனக் குறிப்புகள். ஒரு பத்தியில் ஏழெட்டு இருக்கும். அவற்றைத் திறந்து பார்க்காமல் படித்தால், ஆசிரியரின் முடிவு மட்டும் கைக்கு வரும். அது சரியா என்று எடைபோடும் திறன் வராது. எந்த வடிவம் வசனத்தைத் திறக்க வைக்கிறது, எது தாண்டிப் போக விடுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

லோகோஸ் என்பது வேதாகமப் படிப்புக்கான மென்பொருள். அதில் வசனக் குறிப்பின்மேல் சுட்டியை வைத்தால் வசனம் அங்கேயே ஒரு சிறு பெட்டியில் விரியும். ஒரு நொடி வேலை. ஆனால் விரிவது அந்த வசனம் மட்டும்தான். தெரிந்துகொள்ளுதல், அதாவது கடவுள் மீட்புக்கு மனிதரைத் தேர்ந்தெடுப்பது, பற்றிய அதிகாரத்தில் ரோமர் 9:13 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுள் யாக்கோபைச் சிநேகித்ததும் அவன் அண்ணன் ஏசாவை வெறுத்ததும் பற்றிய வரி அது. பெட்டியில் தெரியும் அந்த ஒரு வரி, தனி மனிதர்களைப் பற்றித்தான் பேசுகிறது என்று தோன்றும். பவுல் மேற்கோள் காட்டுவதோ மல்கியா 1:2-3. அங்கே ஏசாவின் வழிவந்த ஏதோம் என்ற தேசத்தைப் பற்றிய பேச்சு தொடர்கிறது. தனி மனிதரா, இனமா என்பதுதான் அந்த இடத்தில் நூற்றாண்டுகளாக நடக்கும் விவாதமே. மல்கியா 1:2-5, ரோமர் 9 முதல் 11 வரை இரண்டையும் விரித்து வைத்துப் படிக்காதவருக்கு அப்படி ஒரு விவாதம் இருப்பதே தெரியாது.

அச்சு நூலோடு படிப்பவர் வேதாகமத்தைக் கையில் எடுத்துத் திருப்பியாக வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் பக்கத்தைத் திறந்ததும் முன்னும் பின்னும் உள்ள வசனங்கள் தானாகக் கண்ணில் படும். லோகோஸ் வைத்திருப்பவர் இதே பலனைப் பெற, பெட்டியை நம்பாமல், வலப்பக்கத்தில் வேதாகமத்தை முழு அதிகாரமாகத் திறந்து வைக்க வேண்டும்.

தமிழில் வேதாகமம் படிப்பவருக்கு இன்னொரு எச்சரிக்கை. குரூடமின் முதல் பதிப்பு ஆர்.எஸ்.வி. என்ற ஆங்கில மொழிபெயர்ப்பையும் இரண்டாம் பதிப்பு இ.எஸ்.வி.யையும் அடிப்படையாகக் கொண்டவை. 1 யோவான் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்று என்ற வரி, வேதாகமச் சங்கத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உண்டு. அந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இல்லை. பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்த வரி காணப்படாததே காரணம். திரித்துவ அதிகாரத்தைப் படிக்கும்போது திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும்.

தேடுவதில் திரை வெல்லும் என்பது பொதுவான நம்பிக்கை. பாதிதான் உண்மை. நீதிமானாக்கப்படுதல், அதாவது கடவுள் பாவியை நீதிமானாக ஏற்பது, என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் தேடினால், அச்சொல் போகிற போக்கில் வரும் இடங்களும் சேர்ந்து நீளமான பட்டியலாகக் கொட்டும். அச்சு நூலின் பின்னுள்ள பொருளடைவு, எந்தப் பக்கத்தில் அது விளக்கப்படுகிறது என்று தெரிந்து தொகுக்கப்பட்டது. வசனத் தேடலில் சிக்கல் இன்னும் பெரிது. ரோமர் 3:24 என்று கிண்டிலில் தேடினால் ‘3:21–26’ என்று அச்சான இடம் அகப்படாது. ‘வசனம் 24’ என்று மட்டும் குறித்த இடமும் அகப்படாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் அது. லோகோஸ் வசனக் குறிப்புகளைத் தனித் தரவாகக் குறித்து வைத்திருப்பதால் வீச்சுக்குள் அடங்கும் வசனத்தையும் பிடித்துவிடும். வாரந்தோறும் பிரசங்கம் தயாரிப்பவருக்கும் கட்டுரை எழுதும் மாணவருக்கும் லோகோஸின் விலை நியாயமாவது இந்த ஓர் இடத்தில்தான்.

படித்தது மனதில் தங்குவதில் அச்சுக்குச் சாதகமான சான்று உண்டு. 54 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, தகவல் சார்ந்த உரைநடையைக் காகிதத்தில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்றும், நேர நெருக்கடியில் இடைவெளி கூடியது என்றும் காட்டியது. கதை படிப்பதில் அந்த வேறுபாடு இல்லை. இறையியல் பாடநூல் முதல் வகை. ஆகவே முதல் முழு வாசிப்புக்கு அச்சு என்பதே எங்கள் பரிந்துரை. வாரம் ஓர் அதிகாரம் என்றால் ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகும். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. எழுத்தைப் பெரிதாக்கவும் வாசிக்கக் கேட்கவும் முடிகிற திரையை அவர் தயங்காமல் எடுக்கலாம்.

அச்சை வாங்குபவர் கட்டமைப்பைப் பார்த்து வாங்க வேண்டும். முதுகின் மேல் முனையை உற்றுப் பாருங்கள். மடித்த தாள் கட்டுகள் வரிசையாகத் தெரிந்தால் தையல் பைண்டிங். தாள்கள் தட்டையாக வெட்டி ஒட்டியிருந்தால் பசை மட்டும்தான். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போன பசை பைண்டிங் நூலை மேசையில் விரித்து வைத்தே படித்தால், நடுவில் முதுகு விரிசல்விட்டுத் தாள்கள் கழன்று வரும். புது நூலை முதலில் இரு ஓரத்திலிருந்தும் மாறி மாறிச் சில தாள்களாகத் திறந்து அழுத்திவிட்டால் ஆயுள் கூடும். தாள் மெல்லியது என்பதால் ஹைலைட்டர் மறுபக்கம் ஊறும், பென்சில் போதும்.

கிண்டிலின் இடம் பயணம்தான். 6 அங்குலத் திரையில் அட்டவணைகள் படிக்க முடியாத அளவு சுருங்கும். கோடிட்ட பகுதிகளை வெளியே எடுக்கப் பதிப்பாளர் வைத்த வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் கோடு நூலில் இருக்கும், உரை ஏற்றுமதியில் வராது. வாங்கியது நூல் அல்ல, உரிமம் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2009இல் அமேசான், விற்ற நூல்களையே வாசகர்களின் கருவிகளிலிருந்து நீக்கியது. 2025 பிப்ரவரியில், நூலைக் கணினிக்குப் பதிவிறக்கி யூ.எஸ்.பி. வழியாக மாற்றும் வசதியையும் நிறுத்தியது.

மேற்கோள் காட்டுவதிலும் கவனம் வேண்டும். குரூடம் போன்ற நூல்களைப் பக்க எண்ணால் குறிப்பதே வழக்கம். 1994 பதிப்பின் பக்கமும் 2020 பதிப்பின் பக்கமும் ஒத்துவராது. ஆகவே எந்தப் பதிப்பு என்பதை எழுதியே ஆக வேண்டும். லோகோஸ் நூல்கள் பெரும்பாலானவற்றில் அச்சுப் பக்க எண் உண்டு. கிண்டிலின் இருப்பிட எண் பேராசிரியருக்குப் பயன்படாது. அதிகார எண்ணையும் உட்தலைப்பையும் கொடுங்கள்.

பழைய பெருநூல்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சீர்திருத்தத் தலைவர் கால்வினின் 1559 ‘இன்ஸ்டிட்யூட்ஸ்’ நூலை புத்தகம், அதிகாரம், பிரிவு என்று குறிப்பார்கள், 3.11.1 என்றால் எந்தப் பதிப்பிலும் நீதிமானாக்கப்படுதலின் தொடக்கம். இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸின் ‘சும்மா தியாலஜிகா’ பகுதி, கேள்வி, உறுப்பு என்ற எண்களாலும், 1992இன் கத்தோலிக்க மறைக்கல்வி 2,865 பத்தி எண்களாலும் குறிக்கப்படும். இவற்றைத் திரையில் இலவசமாகவே படிக்கலாம். கால்வினுக்கு 1845இன் பெவரிட்ஜ் மொழிபெயர்ப்பு கிறிஸ்டியன் கிளாசிக்ஸ் ஈதீரியல் லைப்ரரி தளத்தில் கிடைக்கிறது. எந்தப் பத்தி எந்த ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது என்று எழுத்துக் குறிகளால் காட்டும் 1960இன் பேட்டில்ஸ் மொழிபெயர்ப்பு தேவைப்படுபவர் மட்டும் காசு கொடுத்து வாங்கட்டும்.

இலவசமாகக் கிடைப்பது ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் கிரேக்கச் சொற்களை அதிலிருந்து நகலெடுக்காதீர்கள். எழுத்துணரி மென்பொருள் கிரேக்க எழுத்துகளைச் சிதைக்கும். கிறிஸ்து பிதாவோடு ஒரே தன்மையரா, ஒத்த தன்மையரா என்று 325இன் நிசேயாத் திருச்சபைச் சங்கத்துக்குப் பின் நடந்த விவாதத்தில், ஐயோட்டா என்ற ஒரே ஒரு கிரேக்க எழுத்துதான் இரண்டு கட்சிகளின் சொல்லைப் பிரிக்கிறது. பக்கப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.