37 நிமிடத்தில் திருவனந்தபுரம் என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு டிராவல்ஸ் கடை. பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவில் 'திருநெல்வேலி – திருவனந்தபுரம், விமானத்தில் 37 நிமிடம்' என்று ஸ்டிக்கர். அதைப் பார்த்துத்தான் உள்ளே போனேன்.

அத்தை மகளுக்குத் திருவனந்தபுரத்தில் வளைகாப்பு. அத்தைக்கோ மூட்டுவலி, காரில் நாலு மணி நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. "வாகைக்குளத்துல ஏறுதீங்க, திருவனந்தபுரத்துல எறங்குதீங்க, அவ்வளவுதான் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். வாகைக்குளம் என்றால் தூத்துக்குடி விமான நிலையம். எனக்கும் அவருக்கும் நடந்த விசாரணை அவ்வளவுதான். இரண்டு டிக்கெட்டுக்கு 17,800 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன்.

டிக்கெட் ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்தது. தூத்துக்குடியிலிருந்து சென்னை. அங்கே நாலரை மணி நேரம் காத்திருப்பு. அப்புறம் சென்னையிலிருந்து திருவனந்தபுரம். ரோட்டில் போனால் 150 கிலோமீட்டர் உள்ள ஊருக்கு, வடக்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிட்டு மறுபடி தெற்கே வர வேண்டும்!

அத்தையிடம் காட்டினேன். "எய்யா, எதுத்த வீட்டுக்குப் போவ ஊரைச் சுத்தி வரச் சொல்லுதான், நீயும் ரூவாயைக் குடுத்துட்டு வந்திருக்கியே" என்றாள்.

அந்த 37 எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். இணையத்தில் தூரம் காட்டும் பக்கங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் நேர்கோடு போடுகின்றன. பொதிகை மலைக்கு மேலாக அந்தக் கோடு சுமார் 90 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால் ஏழு நிமிடம். ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டினால் 37. விமானம் ஓடுகிறதா என்று அந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. திருநெல்வேலியில் விமான நிலையமே கிடையாது, அதற்கும் நிமிடம் சொல்கிறது. ரோடும் ரயிலும் மலையைத் தாண்ட முடியாமல்தானே தெற்கே இறங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் போய் வளைகின்றன.

மறுநாள் கடைக்குப் போனேன். "ஃப்ளைட் டைம்னுதான் போட்டிருக்கு, நேரா போவும்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். கேன்சல் செய்ததில் 2,150 ரூபாய் திரும்பி வந்தது. சர்வீஸ் சார்ஜ் திரும்பாதாம்.

பணம் கட்டும் முன்பு விமான எண்ணைக் கேளுங்கள். இரண்டு எண் சொன்னால் நடுவில் எந்த ஊர், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். நான் இதில் எதையுமே கேட்கவில்லை.

கடைசியில் குருவாயூர் எக்ஸ்பிரஸில்தான் போனோம். அத்தை எதிர் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வந்தாள். போன வாரம் அந்தப் பக்கம் போனேன், ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது.